பட்டு, கையச்சு, இயற்கைச் சாயம்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கைத்தொழில் கண்காட்சி சீசன் வந்தால் இந்தக் கேள்வியும் பல ரூபத்தில் வந்துவிடும். ஒரு ஸ்டாலில் அஜ்ரக் (கட்ச் பகுதிக் கட்டை அச்சு) பட்டுப் புடவை நாலாயிரம் என்கிறார்கள். பக்கத்து ஸ்டாலில் கிட்டத்தட்ட அதே டிசைன், விலை மூன்று மடங்கு. இரண்டு பேருமே 'பியூர் சில்க், ஹேண்ட் பிளாக், நேச்சுரல் டை' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். யாரை நம்புவது? அஜ்ரக் நல்லதா, ஆந்திராவின் கலம்காரி நல்லதா? ஆன்லைனில் டிஜிட்டல் பிரிண்ட்டே கண்ணைப் பறிக்கிறதே, அதையே எடுத்தால் என்ன?

சிக்கல் அந்த ஒரே மூச்சில்தான் இருக்கிறது. துணி பட்டா, அச்சு கையால் பதித்ததா, சாயம் இயற்கையா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மரக்கட்டை அச்சில் ரசாயனச் சாயம் தொட்டுப் பதிக்கலாம். பட்டே இல்லாத துணியில் அசல் அவுரியும் (நீலச் சாயம் தரும் செடி) கடுக்காயும் ஏற்றலாம். ஒன்று உண்மையாக இருப்பதால் மற்ற இரண்டும் உண்மையாகிவிடாது. மூன்றுக்கும் தனித்தனியாக விலை உண்டு. மூன்றுமே நமக்கு வேண்டுமா என்று யோசித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் துணி. மல்பெரி பட்டா, டஸர் என்ற காட்டுப் பட்டா, பட்டும் பருத்தியும் கலந்த சந்தேரியா, அல்லது பெயரில் மட்டும் 'சில்க்' ஒட்டிக்கொண்ட வேறு இழையா என்று பார்க்க வேண்டும். மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் தொடங்கிவைத்த சில்க் மார்க் முத்திரை இதற்கு உதவும். ஆனால் அது இழை அசல் பட்டு என்பதை மட்டுமே சொல்கிறது. அச்சைப் பற்றியோ சாயத்தைப் பற்றியோ அதற்கு ஒரு அக்கறையும் இல்லை. ஹேண்ட்லூம் மார்க்கும் அப்படித்தான், துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதோடு அதன் வேலை முடிந்தது. சில்க் மார்க் தொங்குகிறது என்பதற்காக இயற்கைச் சாயம் என்று நம்பிவிடக் கூடாது.

அடுத்து அச்சும் சாயமும். இவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கீழே ஒவ்வொரு தேர்விலும் சொல்கிறேன்.

அப்புறம், வாங்கிய பிறகு வரும் கதை: துவைத்தால் என்ன ஆகும், வெயில் பட்டால் என்ன ஆகும், எலுமிச்சைச் சாதம் சிந்தினால் என்ன ஆகும்.

கடைசியாக, எதற்காக வாங்குகிறோம் என்பது. இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. அஜ்ரக், கலம்காரி இரண்டிலும் கறுப்பு இல்லாமல் டிசைனே கிடையாது. கறுப்பு கலந்த புடவையை முகூர்த்தத்துக்குக் கட்டக் கூடாது என்று சொல்லும் மாமியாரோ பாட்டியோ வீட்டில் இருந்தால், எவ்வளவு செலவு செய்து வாங்கினாலும் அது பீரோவில்தான் இருக்கும்.

முதல் தேர்வு: மல்பெரி பட்டில் இயற்கைச் சாய அஜ்ரக்

குஜராத்தின் கட்ச் பகுதியில் கத்ரி சமூகத்தார் செய்யும் வேலை இது. எல்லைக்கு அந்தப் பக்கம் சிந்துவிலும் உண்டு. கட்ச்சில் தமட்கா என்ற ஊர்தான் இதற்குப் பேர்போனது. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் ஊர் இடிந்ததோடு தண்ணீரும் மாறிப்போனது. இரும்புச் சத்து ஏறிய தண்ணீரில் சிவப்பு மங்கிவிடும் என்பதால், பல குடும்பங்கள் பூஜுக்குப் பக்கத்தில் அஜ்ரக்பூர் என்று புதிதாக ஒரு ஊரையே உண்டாக்கிக்கொண்டு குடிபெயர்ந்தன. கட்ச் அஜ்ரக்குக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

விலை ஏன் இவ்வளவு என்பதற்கு வேலையைப் பார்த்தாலே போதும். துணியை முதலில் கடுக்காய்க் கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள், வெளிர் மஞ்சளாகும். சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் கலந்த பசையால் முதல் அச்சு. அந்த இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் பின்னால் வெள்ளைக் கோடாக நிற்கும். அடுத்து கறுப்பு. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த நீர், பார்க்கப் பழுப்பாகத்தான் இருக்கும். அதைப் புளியங்கொட்டை மாவு சேர்த்துக் கெட்டியாக்கி, கட்டையில் தொட்டு, கடுக்காய் ஏறிய துணியில் வைத்துக் கைமுட்டியால் ஒரு குத்து. கட்டையை எடுக்கும்போதே கோடு கறுத்துக்கொண்டு வரும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரப் பசை. அது பதித்த உடனே சிவப்பாகத் தெரியாது. அவுரித் தொட்டியில் முக்கி, அலசி, கடைசியில் மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் கொதிக்கவிடும்போதுதான் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நடுநடுவே காயவைப்பது, அலசுவது எல்லாம் சேர்த்தால் ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும்.

பட்டு என்றால் கூடுதல் கவனம் வேறு. பட்டு ஒரு புரத இழை, காரம் அதற்கு ஆகாது. அவுரித் தொட்டியோ காரத்தில்தான் வேலை செய்யும். பருத்தியைப் போல நினைத்தபடி முக்கி எடுக்க முடியாது, மளமளவென்று முக்கி அலசிவிட வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர் கையில் பட்டின் பளபளப்பே போய்விடும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மஞ்சிட்டி வகை வேர்களின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்ற பொருளை 1868-லேயே கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். செயற்கை அவுரி 1897-இல் விற்பனைக்கு வந்தது. இன்று 'இயற்கைச் சாயம்' என்று விற்கும் அச்சுத் துணிகள் பலவற்றில் சிவப்பு செயற்கை அலிசரின்தான், நீலம் செயற்கை அவுரிதான். மூலக்கூறு ஒன்றே என்பதால் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். 'சிவப்பு அலிசரின், மற்றது இயற்கை' என்று விற்பவரே சொன்னால் அவரிடம்தான் நான் வாங்குவேன். எல்லாமே நூறு சதவீதம் செடியிலிருந்து என்று சத்தியம் செய்து அதற்குத் தனி விலை கேட்பவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது: வருஷத்துக்கு நாலைந்து முறை கட்டி, பத்திருபது வருஷம் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு. அடர் சிவப்பு, நீலம், கறுப்பு வண்ணங்கள் பிடிக்க வேண்டும். ராணி பிங்க், கிளிப்பச்சை எல்லாம் இங்கே தேடாதீர்கள்.

இரண்டாவது தேர்வு: 'மோடல் சில்க்' அஜ்ரக்

அந்த நாலாயிரம் ரூபாய்ப் புடவை பெரும்பாலும் இதுதான். மோடல் என்பது பீச் மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை. பட்டுப்பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாட்டின் நெசவில் பளபளவென்று வழுக்கிக்கொண்டு விழுவதால் 'சில்க்' என்ற வால் ஒட்டிக்கொண்டது. சில்க் மார்க் இதற்குக் கிடைக்காது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடிபடும், மோடல் என்றால் காகிதம் எரிகிற வாசனை.

இதற்காக மோடலை ஒதுக்கிவிட வேண்டாம். அது மரத்திலிருந்து வந்த இழை என்பதால் அஜ்ரக் சாயங்களைப் பருத்தியைப் போலவே நன்றாக வாங்கிக்கொள்ளும். அச்சு கைவேலையாக, சாயம் இயற்கையாக இருக்க எந்தத் தடையும் இல்லை. மூன்றில் இரண்டு உண்மை. நல்ல கைகளில் செய்த மோடல் அஜ்ரக், அரைகுறையாகச் செய்த பட்டு அஜ்ரக்கை விட எத்தனையோ மேல். வீட்டிலேயே பதமாகத் துவைக்கலாம், ஆபீசுக்குக் கட்டலாம். பட்டு விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

யாருக்கு ஏற்றது: அஜ்ரக் பிடிக்கும், பட்டுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பவர்களுக்கு. முதல் அஜ்ரக் புடவைக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது தேர்வு: பட்டில் கலம்காரி

கலம்காரி என்ற பெயரில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. காளஹஸ்தியில் மூங்கில் குச்சி முனையில் துணி சுற்றிச் செய்த பேனாவால் கையால் வரைவார்கள். மசூலிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பெடனாவில் மரக்கட்டையால் அச்சடிப்பார்கள். 'ஹேண்ட் பிளாக் கலம்காரி' என்றால் பெடனா பாணி. அங்கே பிரதானச் சரக்கு பருத்திதான், பட்டிலும் செய்கிறார்கள். பட்டில் கலம்காரி என்று கடையில் விரிக்கும் புடவைகளில் காளஹஸ்திக் கைவரைவும் நிறைய உண்டு. அச்சால் வெளிக்கோடு போட்டு உள்ளே கையால் வண்ணம் நிரப்பிய கலப்பு வேலையும் உண்டு. எது என்று கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் முழுக் கைவரைவுக்கும் அச்சுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அடிப்படை வேதியியல் அஜ்ரக் மாதிரிதான்: கடுக்காய், இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு, படிகாரம். வித்தியாசம், கடுக்காயோடு எருமைப்பால் சேர்ப்பார்கள். பாலின் கொழுப்பு சாயம் துணியில் பரவாமல் பிடித்து நிறுத்தும். புதுத் துணியில் ஒரு புளித்த வாடை வந்தால் அதற்குக் காரணம் இதுதான், ஒன்றிரண்டு அலசலில் போய்விடும். அஜ்ரக்கில் வடிவியல் கட்டங்கள் என்றால் இங்கே கொடி, மயில், பூ, ராமாயணக் காட்சி. நம் கோயில் திரைச்சீலைகளில் பார்த்துப் பழகிய கோடு என்பதால் நம்மவர்களுக்கு இது உடனே ஒட்டிக்கொள்ளும். ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரைத் துணிகளின் சிவப்பு பெரும்பாலும் சாயவேர் என்ற செடியின் வேரிலிருந்து வந்ததுதான்.

பெடனா பாணியில் இன்றைய பெரிய தொந்தரவு ஸ்கிரீன் பிரிண்ட், அதாவது சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாகச் சாயம் தேய்த்து அச்சிடுவது. சந்தையில் 'கலம்காரி' என்று குவிந்திருப்பதில் பெரும்பகுதி அதுதான். கட்டை அச்சு என்றால் கட்டைகள் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளியோ, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய அழுத்தமான கோடோ இருக்கும். முழங்கையளவு தூரத்துக்குள் அப்படி ஒரு இடம்கூடக் கண்ணில் படவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

யாருக்கு ஏற்றது: கதை சொல்லும் முந்தானை வேண்டும் என்பவர்களுக்கு. கச்சேரி, புத்தக வெளியீடு, நவராத்திரி கொலு மாதிரியான இடங்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை.

(மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்துப் பாக் அச்சையும் பட்டில் பார்க்கலாம். வெள்ளைத் தரையில் சிவப்பும் கறுப்பும். அஜ்ரக்கின் அடர்த்தி கண்ணுக்கு அதிகம் என்று தோன்றுபவர்கள் இதைத் தேடலாம்.)

நான்காவது தேர்வு: கையச்சு, ஆனால் ரசாயனச் சாயம்

வங்காளத்தின் சேராம்பூர் பட்டு அச்சுக்குப் பேர்போன இடம். அங்கே ஸ்கிரீன் வேலை அதிகம் என்றாலும் கட்டை அச்சும் நடக்கிறது. பட்டுக்கென்று உள்ள ரசாயனச் சாயங்களைப் பதித்து, ஆவியில் வேகவைத்து நிலைநிறுத்துவார்கள். ஒழுங்காகச் செய்தால் நிறம் சாதாரணமாகப் போகாது. பிங்க், மாம்பழ மஞ்சள், மயில்பச்சை என்று கேட்ட நிறம் கிடைக்கும். கறுப்பே இல்லாமல் டிசைன் கேட்கலாம்.

'ரசாயனம்' என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. தீங்கான அமைன்களை வெளியிடும் ஒரு வகை அஸோ சாயங்களை இந்தியா 1997-லேயே தடை செய்துவிட்டது. இன்னொரு பக்கம், இயற்கைச் சாயம் என்று சொல்லிக்கொண்டு நிறம் பிடிக்க குரோமியம் உப்பைப் பயன்படுத்தினால் அது ஆற்றுக்கும் சாயப்பட்டறைத் தொழிலாளிக்கும் கெடுதல்தான். படிகாரம் பிரச்சினையில்லை. சாயம் எங்கிருந்து வந்தது என்பதோடு, அதைத் துணியில் பிடித்துவைக்க எதைப் போட்டார்கள், கழிவு நீர் எங்கே போகிறது என்பதும் முக்கியம்.

யாருக்கு ஏற்றது: கைவேலையும் வேண்டும், பளிச்சென்ற நிறமும் வேண்டும், விசேஷத்துக்கும் கட்ட வேண்டும் என்பவர்களுக்கு. இந்தத் தேர்வை மக்கள் அநியாயமாக மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது தேர்வு: டிஜிட்டல் பிரிண்ட் பட்டு

கம்ப்யூட்டர் டிசைனை நேராகத் துணியில் மை பீய்ச்சி அச்சிடுவது. துணி அசல் பட்டாகவே இருக்கலாம். விலை குறைவு, நிறம் எத்தனை வேண்டுமானாலும். துணியைத் திருப்பினால் பின்பக்கம் வெளிறித் தெரியும், ஆனால் மெல்லிய பட்டில் இந்தச் சோதனை அவ்வளவாகக் கை கொடுக்காது. நல்ல சோதனை வேறு. அசல் கையச்சுத் துணியைப் படம் பிடித்து அச்சிடும்போது கைவேலையின் பிசிறும் சேர்ந்தே வந்துவிடும். ஒரு பூவின் ஓரத்தில் சின்னக் கறை இருந்தால், அடுத்த சுற்றிலும் அதே பூவில், அதே ஓரத்தில், அதே கறை இருக்கும். கையால் ஒரே பிசிறை நூறு தடவை போட முடியாது.

டிஜிட்டல் என்று சொல்லி விற்றால் அதில் தவறே இல்லை. அதை அஜ்ரக் என்றும் கலம்காரி என்றும் சொல்லி விற்பதுதான் எரிச்சல். அந்த டிசைனை வடித்த குடும்பத்துக்கு அதிலிருந்து ஒரு பைசா போவதில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| தேர்வு | அசல் பட்டா | கையச்சா | சாயம் | விலை | நிறம் நிற்பது | வீட்டில் துவைக்கலாமா |
|---|---|---|---|---|---|---|
| பட்டு அஜ்ரக் | ஆம் | ஆம் | இயற்கை, சில சமயம் அலிசரின் | மிக அதிகம் | நீலம், சிவப்பு நன்று. மஞ்சள், பச்சை சுமார் | மிகக் கவனமாக |
| மோடல் அஜ்ரக் | இல்லை | ஆம் என்றால் நல்லது, கேளுங்கள் | அதே | நடுத்தரம் | அதே | ஆம் |
| பட்டுக் கலம்காரி | ஆம் | அச்சு, வரைவு அல்லது கலப்பு | இயற்கை, சில சமயம் அலிசரின் | அதிகம். கைவரைவு மிக அதிகம் | மஞ்சள் முதலில் மங்கும் | டிரை கிளீனிங் நல்லது |
| ரசாயனச் சாயக் கையச்சு | ஆம் | ஆம் | ரசாயனம் | நடுத்தரத்துக்கு மேல் | நன்று | கவனமாக |
| டிஜிட்டல் | இருக்கலாம் | இல்லை | ரசாயனம் | குறைவு | பெரும்பாலும் நன்று | துணியைப் பொறுத்தது |

விலைச் சீட்டில் இல்லாத செலவுகள்

இயற்கைச் சாயப் பட்டு வாங்குவது பெரிதில்லை, வைத்துக்கொள்வதுதான் பெரிது. கறுப்புக்குக் காரணம் இரும்பும் கடுக்காயும். இரண்டும் சேர்ந்து உண்டான அந்தக் கறுப்பு அமிலத்துக்குப் பயப்படும். விருந்தில் எலுமிச்சைச் சாறோ ரசமோ தெறித்தால் அந்த இடம் வெளிறிவிடும். உடனே வெறும் தண்ணீரால் ஒற்றி எடுக்க வேண்டும், சோப்பைத் தேடி ஓடக் கூடாது. மஞ்சள் கிழங்குச் சாயம் இருந்தால் சோப்பின் காரம் பட்டு அது சிவந்துவிடும், குங்குமம் செய்யும் அதே வேதியியல்தான். பச்சை என்பது அவுரியின் மேல் ஏற்றிய மஞ்சள். மஞ்சள் வெயிலில் மங்க மங்க, பச்சை இலை நீல இலையாகிவிடும்.

இன்னொன்றை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். இரும்புக் கறுப்பு காலப்போக்கில் இழையையே தின்னும். அருங்காட்சியகங்களில் பழைய சோழமண்டலக் கரைத் துணிகளில் சிவப்பு அப்படியே இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் பொடிந்து ஓட்டையாகியிருப்பதைப் பார்க்கலாம். நம் காலத்துக்குள் அப்படி ஆகிவிடாது. ஆனால் பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்று வாங்குபவர்கள் கறுப்பு குறைவான டிசைனாக எடுப்பது புத்திசாலித்தனம். பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், வெயிலில் காயவும் போட வேண்டாம்.

அவுரி நீலம் முதல் சில தடவை கையிலும் ரவிக்கையிலும் ஒட்டும். அது மேலே தங்கிய சாயம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் வெள்ளை ரவிக்கையோடு கட்டாதீர்கள்.

டிரை கிளீனிங், ஃபால்ஸ் எல்லாம் எந்தப் பட்டுக்கும் உள்ள செலவுதான். மோடலுக்கு டிரை கிளீனிங் செலவு அநேகமாக இல்லை, விலை ஒப்பிடும்போது அதையும் கணக்கில் சேருங்கள்.

எந்த நேரத்தில் எது

கல்யாணத்துக்குத் தோழிகளோ நாத்தனார்களோ பத்துப் பேர் ஒரே நிறத்தில் கட்ட வேண்டும் என்றால் இயற்கைச் சாயம் வேண்டாம். தண்ணீர், வெயில், தொட்டியின் வயது எல்லாம் மாறுவதால் ஒரு தொகுதியின் சிவப்பு அடுத்த தொகுதியில் வராது. நான்காவது தேர்வுக்குப் போங்கள். அதற்கும் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை என்றால் டிஜிட்டல்.

அடுத்த மாதமே வேண்டும் என்று சொல்லிவைத்துச் செய்யச் சொல்வதானாலும் அஜ்ரக் சரிப்படாது. கையில் இருக்கும் சரக்கில் பார்த்து எடுங்கள்.

மூன்றும் அசலாக ஒரு முறையாவது வேண்டும், ஆனால் புடவை அளவுக்குக் காசில்லை என்றால் துப்பட்டாவோ ஸ்டோலோ எடுங்கள். இரண்டரை மீட்டர் துணிதான், விலை பாதிக்கும் கீழே வரும். ரசம் தெறிக்கிற ஆபத்தும் குறைவு.

அப்பா, தாத்தாவுக்குப் பரிசு என்றால் பட்டு அஜ்ரக் அங்கவஸ்திரத்தை விட மோடல் நல்லது. வீட்டில் யார் கையில் கிடைத்தாலும் வாஷிங் மெஷினுக்குத்தான் போகும், அதை யாராலும் தடுக்க முடியாது.

கண்காட்சியில் பேரம் பேசுவதற்கு முன் மூன்று கேள்வி: இழை என்ன, கட்டையா ஸ்கிரீனா, சிவப்பு எதிலிருந்து வந்தது? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் எதிரில் இருப்பவர் சாயப்பட்டறையைப் பார்த்தவரா, சரக்கை மட்டும் வாங்கி விற்பவரா என்று தெரிந்துவிடும். இழையின் பெயரைப் பில்லில் 'மல்பெரி பட்டு' என்றோ 'மோடல்' என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் 'சில்க்' என்று எழுதினால் பட்டு விலை கொடுக்காதீர்கள்.